இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கான நிதியுதவியும் ஃபெல்லோஷிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அறிவிப்பு வெளியான வாரத்தில் ஒரு முறையும், கடைசித் தேதிக்கு முந்தைய இரவில் மறு முறையும், அதே ஐயங்கள் அதே வரிசையில் வந்து நிற்கின்றன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் எம்பிபிஎஸ் முதல் உதவிப் பேராசிரியர் நிலை வரை இருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது இது. தொகைகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

1. "மேடம், ஃபெல்லோஷிப் என்றால் டிஎம் முடித்துவிட்டு ஒரு வருடம் போவார்களே, அதுதானே?"

அது வேறு, இது வேறு. நம் மருத்துவமனைகளில் ஃபெல்லோஷிப் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு துணைத்துறையில் கைப்பழக்கம் பெறும் சிகிச்சைப் பயிற்சி. தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்என்பி படிப்பு அந்த வகை. ஆய்வு ஃபெல்லோஷிப் என்பது, ஒரு மருத்துவர் தம் நேரத்தின் பெரும்பகுதியை ஆய்வுக்குக் கொடுப்பதற்காக அவரை நம்பி அளிக்கப்படும் தொகை. பெரும்பாலும் அவருடைய ஊதியமும் ஆய்வுச் செலவும் அதில் சேர்ந்தே வரும்.

கிராண்ட் எனப்படும் ஆய்வு நல்கை மூன்றாவது வகை. அதில் உங்கள் சம்பளம் இருக்காது. நீங்கள் ஏற்கெனவே ஓரிடத்தில் வேலையில் இருப்பதாகக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை காணும் செலவை மட்டும் தருவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஃபெல்லோஷிப் ஆளுக்கான பணம், நல்கை கேள்விக்கான பணம். விண்ணப்பத்தில் எதைப் பற்றி அதிகம் எழுத வேண்டும் என்பதிலிருந்து, மாற்றல் வந்தால் பணம் யாரோடு போகும் என்பது வரை பின்வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

2. "எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம்தான் படிக்கிறேன். எனக்கெல்லாம் யார் பணம் தருவார்கள்?"

ஐசிஎம்ஆர் தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் திட்டம், எல்லோரும் எஸ்டிஎஸ் என்று அழைப்பது, 1979 முதல் நடந்து வருகிறது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்கள் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஓர் ஆய்வைச் செய்து அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகையும் சான்றிதழும் வரும். தேர்வானவுடன் பணம் வந்துவிடும் என்று எண்ணிச் செலவு செய்துவிடாதீர்கள்.

தோற்பவர்கள் பெரும்பாலும் கேள்வியின் அளவில்தான் தோற்கிறார்கள். ஒரு மாணவி "எங்கள் மாவட்டத்தில் நீரிழிவு நோயின் பரவல்" என்ற தலைப்போடு வந்தார். இரண்டு மாதத்தில் ஒரு மாவட்டத்தை யாராலும் சுற்றி முடிக்க முடியாது. பேசிப் பேசி, எங்கள் மெடிசின் வார்டில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோன உள்நோயாளிகளில் எத்தனை பேருக்கு இன்சுலின் ஊசி போட்டபின் சாப்பாடு வரத் தாமதமானது என்ற கேள்வியில் வந்து நின்றோம். ஊசி போட்ட நேரம் செவிலியர் பதிவேட்டில் இருந்தது. சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் நுழையும் நேரத்தை அவரே கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் ஆய்வு, இரண்டு மாதத்தில் முடிந்தது.

3. "பிஜி தீசிஸுக்குக் கைக்காசுதான் போட வேண்டுமா?"

வேண்டியதில்லை. ஐசிஎம்ஆர் எம்டி, எம்எஸ், டிஎம், எம்சிஎச் ஆய்வேடுகளுக்குத் தனி நிதியுதவி அறிவிக்கிறது. ஆய்வேடு காசநோயைப் பற்றியதாக இருந்தால், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் மாநில அளவிலான செயல்முறை ஆய்வுக் குழு முதுநிலை ஆய்வேடுகளுக்கு உதவுகிறது; உங்கள் கல்லூரியின் காசநோய் மையக் குழுவுக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் கேட்டாலே படிவம் கிடைக்கும். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை, ஆகையால் போட்டியும் குறைவு.

சில நிறுவனங்கள் தம் சொந்தப் பணத்திலிருந்தும் தருகின்றன. வேலூர் சிஎம்சியின் ஃபுளூயிட் ரிசர்ச் கிராண்ட் அதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை, சென்னை ஐசிஎம்ஆர்–தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணைய வழியில் நடத்துகிறது. அதைச் சான்றிதழுக்காக மட்டும் ஓட்டிவிடாமல், மாதிரி அளவு பற்றிய பாடத்தையாவது நிதானமாகக் கேளுங்கள். பிறகு எழுதப்போகும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

4. "எம்டி மட்டும்தான் இருக்கிறது. பிஎச்டி இல்லாமல் விண்ணப்பித்தால் பார்ப்பார்களா?"

பார்ப்பார்கள். ஐசிஎம்ஆர் வெளி நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத் தரும் ஆய்வு நல்கைகளுக்கும், அடுத்த பதிலில் வரும் இந்தியா அலயன்ஸின் மருத்துவ, பொதுச் சுகாதார ஃபெல்லோஷிப்புகளுக்கும் மருத்துவர்களிடம் பிஎச்டி கட்டாயமாகக் கேட்கப்படுவதில்லை. பிஎச்டி இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அதற்காக நிராகரிக்கப்பட்டவர்கள் குறைவு.

பிஎச்டி செய்தே தீர வேண்டும் என்று விரும்பினால், ஐசிஎம்ஆரும் ஏசிஎஸ்ஐஆர் கல்வி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆராய்ச்சிப் புலத்தைப் பாருங்கள். எம்பிபிஎஸ், பிடிஎஸ் முடித்தவுடன் ஆய்வுப் பாதைக்கு வர நினைப்பவர்களுக்காக ஐசிஎம்ஆர் இளம் மருத்துவ ஆய்வாளர்களை வளர்க்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறது. பிஜி நுழைவுத் தேர்வுக்கு இடையே 'ஓர் ஆண்டு சும்மா இருக்கிறேன்' என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. "இந்தியா அலயன்ஸ், இந்தியா அலயன்ஸ் என்கிறார்களே, அது யாருடைய பணம்?"

பாதி நம்முடையது, சரியாகச் சொன்னால் இப்போது பாதிக்கும் மேல். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய அமைப்பு இது, ஹைதராபாத்திலிருந்து இயங்குகிறது. முதற்கட்டத்தில் இரு தரப்பும் சமமாகப் பணம் போட்டன; பின்னர் இந்தியப் பங்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உயர்ந்தது. மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது: மொத்தம் 1,500 கோடி ரூபாய், அதில் துறையின் பங்கு 1,000 கோடி, வெல்கமின் பங்கு 500 கோடி.

அடிப்படை அறிவியலுக்கு ஒரு பிரிவும், மருத்துவத்துக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் ஒரு பிரிவுமாக இங்கே ஃபெல்லோஷிப்புகள் இருக்கின்றன. தொடக்க நிலை, இடைநிலை என்று படிகளும் உண்டு. முதலில் ஒரு பூர்வாங்க விண்ணப்பம், அதில் தேறினால் முழு விண்ணப்பம், பிறகு வெளி மதிப்பீட்டாளர்களின் கருத்து, கடைசியில் நேர்காணல் என்று போகும். 1-ஆம் பதிலில் சொன்னபடி இது ஆளுக்கான பணம். எனவே ஆய்வுத் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், 'இதை நீங்கள்தான் ஏன் செய்ய வேண்டும்? ஐந்து ஆண்டு கழித்து எங்கே நிற்பீர்கள்?' என்ற இரு கேள்விகளுக்கும் விடை இல்லாத விண்ணப்பம் தேறுவதில்லை. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அனுப்பும் நாள் வரை மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

6. "எஸ்இஆர்பி இருந்ததே, அது இப்போது எங்கே?"

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள், அதாவது ஏஎன்ஆர்எஃப்புக்குள், எஸ்இஆர்பி எனப்பட்ட அந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் கலந்துவிட்டது. முன்பு புதிய ஆசிரியர்களுக்கு எஸ்இஆர்பி தந்துவந்த தொடக்க நல்கையின் இடத்தில் இப்போது பிரதமர் பெயரிலான இளநிலை ஆய்வாளர் நல்கை இருக்கிறது.

நோயாளியிடம் தொடங்கி நோயாளியிடம் முடியும் கேள்வியை ஐசிஎம்ஆருக்கும், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியோடு ஆய்வகத்துக்குள் போய்விடும் கேள்வியை ஏஎன்ஆர்எஃப்புக்கும் அனுப்பச் சொல்வது என் வழக்கம். விதியில் இப்படி ஏதும் இல்லை. எங்கள் கல்லூரியில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் பார்த்து நானாக வகுத்துக்கொண்டது.

7. "ஐசிஎம்ஆரில் சிறிய நல்கைக்குப் போடுவதா, இடைநிலைக்கா? எப்படியும் ஒரே உழைப்புதானே?"

ஒரே உழைப்பு அல்ல. இடைநிலை நல்கை கோடிக்கணக்கில் செல்லும். பல துறைகள், பெரும்பாலும் பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கானது. அங்கே மதிப்பீட்டாளர் உங்கள் குழு இதற்குமுன் சேர்ந்து எதைச் செய்து முடித்தது என்று பார்ப்பார். முதன்முறையாக முதன்மை ஆய்வாளராகும் ஒருவர் சிறிய நல்கைக்குப் போவதே நல்லது. பெரிய ஆய்வில் பங்குபெற ஆசை இருந்தால், மூத்தவர் ஒருவரின் இடைநிலை விண்ணப்பத்தில் இணை ஆய்வாளராகச் சேர்ந்துகொண்டு, உங்கள் சிறிய கேள்வியைத் தனியாக எழுதுங்கள். பல மையச் சோதனைகளில் பழக விரும்புவோர், இன்டென்ட் என்ற பெயரில் ஐசிஎம்ஆர் அமைத்துள்ள மருத்துவச் சோதனை வலையமைப்பையும் கவனிக்கலாம்.

இன்னொன்று: அறிவிப்பில் முன்னுரிமைத் துறைகளின் பட்டியல் இருந்தால், அந்தப் பட்டியலின் சொல் உங்கள் தலைப்பிலோ முதல் பத்தியிலோ இருக்க வேண்டும். பட்டியலுக்குப் பொருந்தாததைப் பொருந்துவதுபோல் வளைத்து எழுதினால், நாலு வரி படித்ததும் தெரிந்துவிடும்.

8. "காலையில் ஓபி, மதியம் வார்டு, வாரத்துக்கு இரண்டு நைட். பணம் கிடைத்தாலும் நேரத்துக்கு எங்கே போவேன்?"

இந்தத் தொகுப்பிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். திட்டங்களுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நேரத்துக்குத்தான். நல்கை வாங்கி, ஆட்களை அமர்த்தி, நோயாளிகளைச் சேர்க்க நேரமில்லாமல் மூன்றாம் ஆண்டில் பணத்தைத் திருப்பியனுப்பிய நல்ல மருத்துவர்களை எனக்குத் தெரியும்.

பல விண்ணப்பங்களுடன் நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும். வழக்கமாக டீன் அலுவலகத்திலிருந்து வருவது இப்படி இருக்கும்: "மேற்படி ஆய்வுக்கு இந்நிறுவனம் அனைத்து ஒத்துழைப்பும் வழங்கும்." இந்த வரிக்கு மதிப்பீட்டாளரிடம் மதிப்பில்லை. கேட்டு வாங்க வேண்டியது இது: "ஆய்வுக் காலம் முழுவதும் செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் இவர் புறநோயாளிகள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார், அந்நாட்களில் அப்பணியை இத்துறையின் வேறோர் உதவிப் பேராசிரியர் மேற்கொள்வார்." துறைத் தலைவரிடம் பேசி, மாற்றாக வருபவரின் சம்மதத்தையும் பெற்று, கடிதத்தின் வரைவை நீங்களே தயாரித்துக்கொண்டு டீனிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் முதலில் சொன்ன வரிதான் கிடைக்கும். ஃபெல்லோஷிப்புகளில் இந்தக் கடிதமே தேர்வைத் தீர்மானிப்பதுண்டு, ஏனெனில் அவர்கள் வாங்குவதே உங்கள் நேரத்தைத்தான்.

விடுவிப்பு கிடைக்கவே வாய்ப்பில்லை என்றால், உங்கள் கல்லூரியில் பல்துறை ஆய்வுப் பிரிவு, அதாவது எம்ஆர்யூ, இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமைத்துவரும் இந்தப் பிரிவுகளில் கருவிகளும் ஆய்வகப் பணியாளர்களும் ஏற்கெனவே இருப்பார்கள். உள்ளூர்க் குழுவின் ஒப்புதலோடு சிறிய ஆய்வைத் தொடங்கிவிடலாம். முழு நேரமும் கொடுக்க முடியாத ஆசிரியருக்கு முதல் கட்டுரைக்கான தரவைத் திரட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

9. "நான் தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்ட். மருத்துவக் கல்லூரி கிடையாது. அரசுப் பணம் வருமா?"

வரலாம், ஆனால் உங்களைவிட உங்கள் மருத்துவமனையின் தகுதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அரசு சாராத நிறுவனங்களிடம் பொதுவாகக் கேட்கப்படுவது, மத்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சித் துறை தரும் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு என்ற அங்கீகாரம். சிரோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அறக்கட்டளை என்றால் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு எண்ணும் தேவைப்படும். சிரோ அங்கீகாரத்துக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அறிவிப்பு வந்த பிறகு அதற்கு ஓடுவது வீண். அதுவரை, அங்கீகாரம் உள்ள கல்லூரி ஆசிரியர் ஒருவரை முதன்மை ஆய்வாளராக வைத்து நீங்கள் இணை ஆய்வாளராக இருங்கள்.

10. "வெல்கம் நேரடியாகத் தரும் இளநிலை விருது இன்னும் பெரிய தொகை. லண்டனுக்கே போட்டுவிடவா?"

இந்தியாவிலிருந்து போட முடியாது. வெல்கமின் அந்த விருது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குத் திறந்திருந்தாலும், இந்தியாவையும் சீனப் பெருநிலத்தையும் அது விலக்கி வைத்திருக்கிறது. இந்தியாவுக்கான அவர்களின் கதவு 5-ஆம் பதிலில் சொன்ன இந்தியா அலயன்ஸ்தான். ஆண்டுக்கு ஒருவராவது முழு விண்ணப்பத்தையும் எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து என்னிடம் வருகிறார். தகுதிப் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு வரி அது.

11. "அமெரிக்கப் பணம்? கே-43, ஃபுல்பிரைட் என்றெல்லாம் கேள்விப்பட்டேன்."

கே-43 என்பது அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களின், அதாவது என்ஐஎச்சின், ஃபோகார்ட்டி மையம் வளரும் நாடுகளின் இளநிலை ஆசிரியர்களுக்குத் தரும் விருது. சொந்த நாட்டிலேயே இருந்து செய்யலாம் என்பது அதன் சிறப்பு. நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது ஆண்டுக்கு ஒன்பது மாதம், ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கடினம். 8-ஆம் பதிலில் சொன்ன கடிதம் இங்கே இரட்டிப்பு முக்கியம். 2025 மே மாதத்தில் வெளிநாட்டுத் துணை நல்கைகளுக்குப் புதிய முறை வரும்வரை அவற்றைப் புதிதாக வழங்குவதை என்ஐஎச் நிறுத்திவைத்தது. ஆகையால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 'எங்கள் நல்கையில் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறோம்' என்று சொன்னால், அந்தப் பங்கு எந்த முறையில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஃபுல்பிரைட் வேறு வகை. அதில் நோயாளியைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைப் பயிற்சிக்கோ ஆய்வுக்கோ இடமில்லை. தரவுப் பகுப்பாய்வு, ஆய்வகம், சுகாதாரக் கொள்கை போன்றவற்றுக்கு அது நல்ல வழி.

12. "வெளிநாட்டுப் பணம் வந்தால் கல்லூரி அக்கவுண்டில் போட்டுக்கொள்ளலாம்தானே?"

அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். தனியார் அறக்கட்டளை நிறுவனம் என்றால் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கியதை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. 'நீங்கள் வாங்கி எங்களுக்குப் பாதி அனுப்புங்கள்' என்ற பழைய பழக்கம் இதோடு முடிந்தது. சட்டத்தால் அமைக்கப்பட்டு சிஏஜி தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு; உங்கள் நிறுவனம் அதில் அடங்குமா என்பதைக் கணக்குப் பிரிவிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பணத்துக்கு அப்பால், வெளிநாட்டுக் கூட்டுறவோடு நடக்கும் சுகாதார ஆய்வுகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தர வேண்டும். விண்ணப்பம் ஐசிஎம்ஆர் வழியே போகும். இதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் சென்னைச் சேத்துப்பட்டைக் காட்டுவேன். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் அங்கே 1956-இல் ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையத்தைத் தொடங்கின. வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்துக்கொண்ட காசநோயாளிகள், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகவே குணமடைந்தார்கள் என்று 1959-இல் அங்கிருந்து வந்த ஆய்வு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நான்கு கை சேர்ந்த இடத்தில் எந்தக் கை எதைத் தருகிறது என்பதை முதலிலேயே எழுதி வைக்காமல் அப்படி ஒன்றை நடத்தியிருக்க முடியாது.

13. "எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் முதலிலா, பணம் முதலிலா?"

விண்ணப்பிக்கும்போதே ஒப்புதல் கேட்பவர்களும் உண்டு, தேர்வான பிறகு கொடுத்தால் போதும் என்பவர்களும் உண்டு. எப்படியாயினும் ஒப்புதல் இல்லாமல் முதல் தவணை வராது. உங்கள் நெறிமுறைக் குழு எங்கே பதிவு செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள்: 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் குழு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், மற்ற உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையிலும் பதிவு செய்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பதிவு செய்துவிட்டு இரண்டையும் பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. பிறகு மாட்டிக்கொள்வது ஆய்வாளர்தான்.

ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தைப் புதிய நோய்க்கோ புதிய அளவிலோ கொடுத்துப் பார்க்கும் கல்விசார் சோதனைக்கு, அதன் முடிவை மருந்து உரிமத்துக்குப் பயன்படுத்தாத வரை, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தனி அனுமதி தேவையில்லை; நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். ஆனால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்ட பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

14. "பட்ஜெட்டில் எவ்வளவு கேட்கலாம்? உச்சவரம்பையே கேட்டுவிட்டால் என்ன?"

கேட்கலாம், கணக்கு காட்ட முடிந்தால். பெரும்பகுதி ஆட்களுக்கே போகும். 2023 ஜனவரியிலிருந்து மத்திய அறிவியல் துறைகளின் இளநிலை ஆய்வு ஃபெல்லோ (ஜேஆர்எஃப்) தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. ஒருவரை மூன்றாண்டு வைத்தால், இளநிலையில் முதல் இரண்டு ஆண்டுக்கு 8,88,000, முதுநிலையாகும் மூன்றாம் ஆண்டுக்கு 5,04,000, ஆக 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். ஐசிஎம்ஆர் திட்டங்களில் பணியாளர் பெயர்களும் தொகைகளும் வேறு என்பதால் அவர்களின் பட்டியலையே பயன்படுத்துங்கள்.

மறக்கப்படும் இரண்டு: மறு வருகைக்கு வரும் நோயாளியின் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும், சோதனையாக இருந்தால் பங்கேற்பாளர் காப்பீடும். மதிப்பீட்டுக் கூட்டங்களில் இருந்தவர்கள் சொல்வது, லேப்டாப்பும் மாநாட்டுப் பயணமும் தடித்துத் தெரியும் செலவுத் திட்டத்தைவிட, பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிட்டவருடைய திட்டத்தில்தான் அவர்களுக்கு நம்பிக்கை வருகிறது என்பது. கொள்முதலில் 2025 ஜூனில் மத்திய நிதி விதிகள் ஆய்வு அமைப்புகளுக்குத் தளர்த்தப்பட்டு, விலைப்புள்ளி இன்றி வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. தமிழக அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருப்பதால், எந்த விதி பொருந்தும் என்பதைக் கொள்முதலுக்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள்.

15. "இரண்டாம் தவணை ஏன் இன்னும் வரவில்லை?"

பெரும்பாலும் உங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாததால். யூசி என்று எல்லோரும் சொல்லும் 12-ஏ படிவம், செலவுக் கணக்கோடு, நிதியாண்டு முடிந்ததும் நிதி அதிகாரி, நிறுவனத் தலைவர் ஆகியோரின் கையெழுத்துடன் போக வேண்டும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டி உங்களுடையதல்ல. அது அரசுக்குத் திரும்ப வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தில் 412 ரூபாய் வட்டியைக் காட்டாமல் விட்டதற்காகக் கோப்பு திரும்பி வந்து, அதற்குள் கையெழுத்திட வேண்டியவர் ஓய்வுபெற்று, ஏழு மாதம் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போயிற்று. பிப்ரவரியிலேயே கணக்கரோடு உட்கார்ந்துவிடுங்கள்.

16. "பிரசவத்துக்காக மூன்று வருடம் விட்டுவிட்டேன். வயதும் தாண்டிவிட்டது. இனிமேல் முடியுமா?"

முடியும். இடைவேளைக்குப் பின் திரும்பும் பெண்கள் விண்ணப்பிக்க உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்–கிரண் ஆகிய திட்டங்கள் உள்ளன. சுகாதார ஆராய்ச்சித் துறையும் பெண் ஆய்வாளர்களுக்கு உதவி அறிவித்து வந்திருக்கிறது. இந்தியா அலயன்ஸ் வயதை ஒரு தடையாக வைப்பதில்லை. விண்ணப்பத்தில் இடைவேளையை மறைக்காமல் ஒரே வரியில் தேதியோடு எழுதுங்கள். விளக்கமும் மன்னிப்பும் வேண்டாம்.

17. "என்னிடம் ஒரு கருவிக்கான ஐடியா இருக்கிறது. ஆய்வு இல்லை, ஐடியா."

அது உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் நிறுவனத்தின் பிக் திட்டத்துக்குப் போக வேண்டியது: 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம் வரை. அது தொழில்முனைவோருக்கான பணம் என்பதால் நிறுவனம் தொடங்க மனம் வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் முதலில் பணி விதிகளைப் பார்த்துவிடட்டும்.

18. "பெரிய பணம் வேண்டாம், ஒரு நல்ல மையத்தில் இரண்டு மாதம் கற்க வேண்டும்."

உங்கள் துறையின் சங்கத்தைப் பாருங்கள். சிறுநீரகத் துறையினருக்கு சர்வதேச நெஃப்ராலஜி சங்கத்தின் ஃபெல்லோஷிப், புற்றுநோய்த் துறையினருக்கு யுஐசிசி என்ற சர்வதேசப் புற்றுநோய் அமைப்பின் குறுகிய காலப் பயிற்சி, கான்கர் கேன்சர் அமைப்பு வளரும் நாடுகளின் இளம் மருத்துவர்களுக்குத் தரும் ஐடியா விருது என்று பல உண்டு. நீரிழிவுத் துறையில் ஆர்எஸ்எஸ்டிஐ என்ற இந்தியச் சங்கம் ஆய்வு நல்கையே தருகிறது. அழைக்கும் மையத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

19. "சர்வதேச ஃபெல்லோஷிப்புக்குத் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று மெயில் வந்திருக்கிறது."

கட்டாதீர்கள். இங்கே நான் பெயர் சொன்ன எந்த அமைப்பும், விண்ணப்பிக்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கேட்பதில்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து விற்கும் கடை அது.

20. "ஒரே புரொபோசலை இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா?"

பல விண்ணப்பங்களில் 'இதே ஆய்வு வேறெங்கும் பரிசீலனையில் இல்லை' என்ற உறுதிமொழி இருக்கும். அதில் கையெழுத்திட்டுவிட்டு அனுப்பினால் அது பொய்ச் சான்று. உறுதிமொழி இல்லாத இடத்தில், மற்றொன்று நிலுவையில் இருப்பதைத் தெரிவித்து அனுப்பலாம். ஒன்று கிடைத்ததும் மற்றதைத் திரும்பப் பெற வேண்டும். ஒரே நோயாளிக் குழுவிலிருந்து உண்மையிலேயே இரு வேறு கேள்விகளை எடுத்து இரண்டாக எழுதுவது இதில் சேராது. ஆனால் ஒரே பணியாளரின் முழுச் சம்பளத்தை இரண்டு திட்டத்திலும் கேட்டால் சேர்ந்துவிடும்.

21. "நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளருக்கு விஷயமே புரியவில்லை."

புரியவில்லை என்றால் எழுத்தில் குறை. கருத்துரையை ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்றாகப் பிரியுங்கள்: கேள்வியே முக்கியமில்லை என்பது, முறை சரியில்லை என்பது, உங்களால் முடியுமா என்பது. இரண்டாவதைத் திருத்தலாம், உயிர்ப்புள்ளியியல் நிபுணர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்தாலே பாதி தீரும். மூன்றாவதற்கு ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு வேண்டும். 8-ஆம் பதிலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். முதலாவது வந்தால் அந்த விண்ணப்பத்தை வேறு அமைப்புக்கு அனுப்புவதில் பயனில்லை, கேள்வியை மாற்றுங்கள்.

22. "பணம் வந்து ஆறு மாதத்தில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. திட்டம் என்னோடு வருமா?"

1-ஆம் பதிலுக்குத் திரும்புவோம். ஃபெல்லோஷிப் ஆளுக்கான பணம் என்பதால், புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டு நிதியளிப்பவர் அனுமதித்தால் பொதுவாக உங்களோடு வரும். நல்கை நிறுவனத்தின் பெயரில் ஒப்பளிக்கப்பட்டது. இரு நிறுவனங்களின் தடையில்லாச் சான்று, அதுவரையிலான யூசி, நிதியளிப்பவரின் எழுத்து அனுமதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது நகரும்; வாங்கிய கருவிகள் பெரும்பாலும் பழைய கல்லூரியிலேயே தங்கிவிடும்.

நோயாளிகள் பழைய ஊரில் இருக்கும் ஆய்வை நகர்த்துவதில் பொருளும் இல்லை. அங்கே இணை ஆய்வாளராக இருப்பவரை முதன்மை ஆய்வாளராக்கி, நீங்கள் இணை ஆய்வாளராகத் தொடர்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். நெறிமுறைக் குழுவுக்கும் சிடிஆர்ஐ பதிவேட்டுக்கும் அந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர்கள் விண்ணப்பம் எழுதும் நாளிலேயே, தம்மைவிடக் குறைவாக மாற்றல் வரக்கூடிய ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். சம்மதக் கடிதத்தில் நோயாளி அழைக்க வேண்டிய தொலைபேசி எண் உங்களுடையதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் அதையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு மாற்றிவிடுங்கள்.